கொன்றைக் கன்றின் முதல் மூன்று வருடங்கள்

மாசி பிறந்ததும் கொன்றைக் கன்று பழுக்கத் தொடங்கும். இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்து, கடைசியில் ஆள் உயரத்துக்கு ஒரு குச்சி மட்டும் நிற்கும். நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கன்றாக இருந்தால், பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டிப் பிடுங்கி எறிகிறவர்கள் பலர். பிடுங்கும் முன் தண்டின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பார்த்தால் போதும். மேல்தோலுக்கு அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் கன்று உயிரோடுதான் இருக்கிறது. பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் ஒரு சாண் கீழே கீற வேண்டும். நுனி காய்ந்து அடித்தண்டு பச்சையாக இருக்கும் கன்று, பங்குனியிலோ சித்திரையிலோ கீழிருந்து துளிர்த்துவிடும்.

சரக்கொன்றை இலையுதிர்க்கும் மரம். இலை இருக்கும்வரை அதன் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொடுத்த ஈரம் மண்ணில் வற்றும் நேரத்தில், இலைகளிலுள்ள நைட்ரஜன் முதலான சத்துகளில் பெரும்பகுதியைத் தண்டுக்குள் இழுத்துக்கொண்டு, வெறும் கூட்டை உதிர்த்துவிடுகிறது மரம். பிறகு வேரிலும் கட்டையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, புது இலை முழுதாக விரியும் முன்பே பூக்கிறது. சித்திரை வெயிலில் கேரளத்தின் விஷுக்கணிக்கு வரும் கணிக்கொன்றையும், தாய்லாந்து தன் தேசிய மலராக அறிவித்திருப்பதும் இதே மரத்தின் பூதான்.

அந்தச் சேமிப்புதான் விஷயமே. வேர் போதிய அளவு பரவாத மரத்திடம் சேமிப்பு இராது. சேமிப்பு இல்லாத மரம் பூக்காது. விதையிலிருந்து வந்த கொன்றை பூக்கச் சில வருடங்கள் எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம். நட்ட முதல் இரண்டு மூன்று வருடங்கள் வேருக்கான காலம். அந்தக் காலத்தில் நாம் கன்றுக்குச் செய்யும் உபசாரங்களில் பாதி, தெரியாமலேயே வேரை முடக்குகின்றன என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன், வாங்குவது சரக்கொன்றைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நாற்றங்கால்களில் 'கொன்றை' என்ற பெயரில் பல மரங்கள் விற்கின்றன. பெருங்கொன்றை எனப்படும் இயல்வாகைக்கு இலைகள் பொடிப்பொடியாக இருக்கும், எளிதில் பிரித்துவிடலாம். குழப்பம் 'மஞ்சள் கொன்றை' என்ற பெயரில்தான். சென்னா சயாமியா, சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற இரண்டு வேறு மரங்களையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இவற்றில் ஸ்பெக்டாபிலிஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, இன்று முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளை ஆக்கிரமித்து நிற்கிறது. அதன் அடியில் புல் சரியாக வளர்வதில்லை. புல் இல்லாத இடத்தில் மான் மேய முடியாது. தமிழ்நாட்டுக் காடுகளில் அதை வெட்டியெடுத்துக் காகிதக் கூழுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம் வீட்டு வாசலில் நட்டு வளர்ப்பது நியாயமாகாது. பிரித்தறிய இலையைப் பாருங்கள். சரக்கொன்றையின் ஈர்க்கில் மூன்று முதல் எட்டு ஜோடிச் சிற்றிலைகள்தாம் இருக்கும். முதிர்ந்த இலையில் ஒவ்வொன்றும் அகலமாக, உள்ளங்கை நீளத்துக்கு வரும். மற்ற இரண்டிலும் சிற்றிலைகள் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். பூத்த மரமென்றால் சந்தேகமே எழாது. சரக்கொன்றையின் கொத்து சரமாகத் தொங்கும். மற்ற இரண்டின் கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்.

உயரமான கன்றுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். நான் குட்டையானதையே எடுக்கச் சொல்வேன். சிறிய பாலித்தீன் பையில் ஏழடி வளர்ந்து நிற்கும் கன்று, அந்தப் பையில் இருக்க வேண்டிய காலத்தைத் தாண்டி இருந்திருக்கிறது என்று பொருள். கொன்றையின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் போக வழியில்லாமல் வளையும். பக்கவேர்கள் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். இந்த வளையம் மண்ணுக்குள் போனால் தானாக நிமிர்ந்துவிடாது. வேர் பருக்கும்போது வளையமும் பருக்கும். தண்டும் பருத்துக்கொண்டு வரும். பத்துப் பதினைந்து வருடம் கழித்து வேரே தண்டை நெரிக்கும் நிலை வரலாம். அல்லது எந்தப் பக்கமும் நீண்டு ஊன்றாத வேர்களோடு மரம் ஒரு பலத்த காற்றில் சாயலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது பல ஆயிரம் மரங்கள் விழுந்தன. காற்றின் வேகம், மரத்தின் இனம், வேரை வெட்டிப் போட்ட சாலைப் பணிகள் என்று காரணங்கள் பல. அப்படி விழும் மரங்களின் அடியைப் பார்க்கும்போது, நட்ட நாளில் இருந்த குழியின் அளவைத் தாண்டாத வேர்க்கட்டி சிலவற்றில் தெரியும். அந்த மரத்தின் கதி நட்ட அன்றே பாதி தீர்மானமாகிவிட்டது.

ஆகவே நடும்போது பையைக் கிழித்து எடுத்ததும் வேரைப் பார்க்க வேண்டும். வெளியே சுற்றியிருக்கும் மெல்லிய வேர்களை விரலால் பிரித்து வெளிப்பக்கமாக விரித்துவிடலாம். பிரிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தால் கூர்மையான கத்தியால் மண்கட்டியின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு கீறல் போடலாம். அடியில் சுருண்ட ஆணிவேரின் நுனியை நறுக்கிவிடலாம். மனம் ஒப்பாமல் போகும். ஆனால் வெட்டிய இடத்துக்குப் பின்னாலிருந்து புதிய வேர்கள் கிளைத்து நேராக வெளியே போகும். பையோடு சேர்த்து நடுவது, அடியில் மட்டும் கிழித்துவிட்டு நடுவது இரண்டுமே தவறு. அந்தப் பாலித்தீன் மட்கவே மட்காது.

குழி விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் வெட்டி, எடுத்த மண்ணை அள்ளி வீசிவிட்டு, செம்மண், மணல், தொழுவுரம், தென்னைநார்க் கழிவு எல்லாம் கலந்து நிரப்பி, நடுவே கன்றை வைப்பது. பாறையும் சுக்கானும் நிறைந்த நிலத்தில் பெரிய குழி வெட்டுவதில் நியாயம் உண்டு. கடப்பாரை இறங்காத மண்ணில் வேரும் இறங்காது. ஆனால் எந்த மண்ணாக இருந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு மண் போடுவதற்குத்தான் நியாயம் இல்லை.

காரணம் எளிமையானது. களிமண் நிலத்தில் வெட்டிய குழியை எருவும் மணலும் கலந்த பொலபொல மண்ணால் நிரப்பினால், அது ஓட்டையில்லாத பூந்தொட்டிக்குச் சமம். மழைநீர் பொலபொல மண்ணுக்குள் வேகமாக இறங்கும். சுற்றியிருக்கும் களிமண் அதை அதே வேகத்தில் உறிஞ்சாது. ஐப்பசி மழையில் குழிக்குள் நீர் தேங்கி, வேர் அழுகும். அடியில் ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்று நம்புகிறார்கள். உண்மையில் நுண்துகள் மண்ணிலிருந்து பெருந்துகள் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலடுக்கு முழுதும் நிறைந்த பிறகே கீழே கசியும். ஜல்லி அடுக்கு போட்ட குழியில் ஈரம் வேருக்கு இன்னும் அருகில் வந்து தங்குகிறது. நீர் தேங்காத நிலத்தில் வேறொரு தொல்லை. குழிக்குள் எல்லாம் சொகுசாக இருப்பதால் வேர் அங்கேயே அடர்ந்து, வெளியே உள்ள கடின மண்ணுக்குள் போகத் தயங்கும்.

அதனால் எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். நகரத்து மனைகளில் மட்டும் சிமெண்டுக் கட்டி, செங்கல் துண்டு, சுண்ணாம்பு இவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கும். கட்டட இடிபாட்டின் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தளிர்கள் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். மட்கிய எருவைக் குழிக்குள் புதைப்பதைவிட மேலே பரப்புவது நல்லது. காட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. இலை மேலே விழுகிறது; கரையானும் மண்புழுவும் பூஞ்சையும் அதைக் கீழே கொண்டுபோகின்றன.

ஆழத்தைவிட அகலமே முக்கியம். மரத்தின் ஆணிவேர் நேராகப் பாதாளம்வரை போகிறது என்றுதான் பாடப்புத்தகப் படம் காட்டும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் மிகப்பெரும் பகுதி மேல்மண்ணின் முதல் இரண்டடிக்குள்தான் இருக்கிறது. அவை கிளை விரிப்பையும் தாண்டிப் பரவுகின்றன. ஏனென்றால் வேரும் சுவாசிக்கிறது. மண்துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்து அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். நீரில் ஆக்ஸிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆழத்திலும், நீர் தேங்கிய மண்ணிலும், மிதித்து இறுகிய மண்ணிலும் வேர் மூச்சுத்திணறுவது இதனால்தான். பையின் அகலத்தைப் போல மூன்று மடங்கு அகலமும், பையின் உயரத்துக்கு மேல் போகாத ஆழமும் உள்ள குழி பெரும்பாலான மண்ணுக்குப் போதும். அடிமண்ணை ஆழமாகக் கிளறிவிட்டால், நிரப்பிய மண் மழையில் அமுங்கும்போது கன்றும் சேர்ந்து கீழே இறங்கிவிடும்.

அப்படி இறங்குவது சாதாரண விஷயமல்ல. தண்டு அடியில் லேசாக விரிந்து வேராக மாறும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் தரைமட்டத்தில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அதை மண்ணால் மூடினால் இரண்டு கேடு. வேர்கள் ஆக்ஸிஜன் குறைந்த ஆழத்துக்குப் போய்விடும். ஈரமண்ணில் புதைந்து கிடக்கும்படி அமையாத தண்டின் பட்டை ஊறி, பூஞ்சைக்கு வழிவிடும். பையிலேயேகூடச் சில சமயம் மேலே அதிகமாக மண் போட்டிருப்பார்கள். அதைச் சுரண்டி அந்த விரிவைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் நட வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஓர் அங்குலம் உயர்த்தி நடுவது தாழ்த்தி நடுவதைவிட எப்போதும் மேல். தெருவோரக் கன்றென்றால் தண்டைச் சுற்றி சிமெண்டு பூசவிடாதீர்கள். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருந்த கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. நம் தெருக்களில் இன்னும் அந்த ஒரு மீட்டர் கிடைக்காத மரங்கள் எத்தனையோ.

நடுவதற்குச் சரியான காலம் மழை தொடங்கும் காலம். கிழக்கே புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி வரை. தென்மேற்கு மழை பெறும் குமரி, தென்காசிப் பக்கங்களில் ஆனி, ஆடி. மார்கழி தாண்டி நட்டால் வேர் பரவும் முன் கோடை வந்து நிற்கும். இடம் முழு வெயில் படும் இடமாக இருக்கட்டும். நிழலில் கொன்றை வளரும், பூப்பதில் கஞ்சத்தனம் காட்டும். நாற்பதடி வரை போகக்கூடிய மரம் என்பதால் மின்கம்பிக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

நீர் ஊற்றுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்குக் கன்றின் வேர் அனைத்தும் பை இருந்த அந்த மண்கட்டிக்குள்தான். சுற்றிலும் தரை நனைந்திருக்கும். அந்தக் கட்டி மட்டும் காய்ந்து போயிருக்கும். ஆகவே தொடக்கத்தில் தண்ணீர் தண்டை ஒட்டியே, கட்டி நனையும்படி போக வேண்டும். மழையில்லாத நாட்களில் ஒரு வாளி, மெதுவாக. ஒரு மாதம் கழிந்ததும் இடைவெளியைக் கூட்டி அளவையும் கூட்ட வேண்டும். தினம் ஒரு செம்பு ஊற்றினால் மேல் இரண்டு அங்குலம் மட்டும் நனையும்; வேரும் அங்கேயே படுத்துக்கொள்ளும்; ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினால் கன்று வாடியிருக்கும். வாரம் இரண்டு முறை மூன்று வாளி ஊற்றினால் ஈரம் ஓரடிக்கும் கீழே போகும். வேர் அதைத் தேடிப் போகும். பாத்தியின் வரப்பையும் வருடத்துக்கு இரண்டு முறை வெளியே தள்ளிப் போடுங்கள், ஏனென்றால் உறிஞ்சும் வேர் நுனிகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. நாள்கணக்கை நம்புவதைவிட விரலை நம்பலாம். நான்கு அங்குலம் தோண்டிப் பார்த்து ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். வாடிய இலையைக் கண்டதும் வாளியைத் தூக்குவது ஆபத்து. வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும்.

உதிர்ந்த சருகு, வெட்டிய புல், தேங்காய் மட்டை எது கிடைத்தாலும் மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். மண்ணின் சூடு தணியும், ஆவியாதல் குறையும், மண் இறுகாது. தண்டிலிருந்து ஒரு கை அகலம் விலக்கிப் போட வேண்டும். கொன்றையின் இலையே அதற்கு நல்ல மூடாக்கு. மாசியில் அதைப் பெருக்கி எரிக்கும் வீடுகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மரம் தனக்காகச் சேர்த்துப் போட்டதை நாம் புகையாக்கிவிடுகிறோம்.

முட்டுக்கோல் தேவையா என்றால், தானாக நிற்கும் கன்றுக்குத் தேவையில்லை. 1971இல் கலிஃபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பசுமைக்குடிலில் லிக்விடாம்பர் மரக்கன்றுகளைத் தினமும் 30 விநாடி உலுக்கினார்கள். உலுக்கிய கன்றுகள், உலுக்காதவற்றின் உயர வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டவில்லை. செடிகள் தொடுதலையும் அசைவையும் உணர்ந்து வளர்ச்சியை மாற்றிக்கொள்கின்றன என்பது பிறகு பல இனங்களில் உறுதியானது. அசையும் தண்டு உயர்வதைக் குறைத்துக்கொண்டு அடியில் பருக்கிறது. வேரையும் ஊன்றிப் பிடிக்கிறது. கன்றைக் கம்பில் இறுக்கிக் கட்டும்போது அந்தச் செய்தி அதற்குப் போய்ச் சேர்வதில்லை. கட்டை அவிழ்த்த நாளில் அது வளைந்து விழும். கன்று சாய்கிறது என்றால் இருபுறமும் இரண்டு மூங்கில் ஊன்றி, பழைய துணிப் பட்டையால், தண்டு ஆட இடம் விட்டு, பாதி உயரத்துக்குக் கீழே கட்டுங்கள். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் பட்டைக்குள் புதைந்து, இலையில் தயாரான உணவு கீழே போகும் பாதையை அறுத்துவிடும்.

கவாத்து முதல் வருடம் வேண்டாம். ஒடிந்ததை மட்டும் எடுக்கலாம். ஒவ்வோர் இலையும் வேருக்கு உணவு அனுப்பும் இலை. இரண்டாம் வருடத்திலிருந்து, இரட்டைத் தலையாகப் பிரியும் தண்டில் ஒன்றை மட்டும் வைத்து, கீழ்க்கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் இருக்கும். வெட்டு அதற்கு வெளியே விழ வேண்டும். அமெரிக்க வனத்துறையில் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்த அலெக்ஸ் ஷைகோ, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்று 1970களில் காட்டினார். அந்தச் சுவருக்கான திசு அந்த வளையத்தில்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுவதால் பயனில்லை என்பதும் அவர் ஆய்வில் தெரிந்ததே.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவரைக் குடும்பத்து மரமானாலும் சரக்கொன்றையின் வேரில் நைட்ரஜனைப் பிடிக்கும் முடிச்சுகள் கிடையாது. அதற்காக யூரியா போடக் கூடாது. தளதளவென்று இலை தள்ளும், பூ தள்ளிப்போகும், அசுவினி மொய்க்கும். வருடத்துக்கு இருமுறை இரண்டு கூடை மட்கிய எரு மேலே பரப்பினால் தாராளம்.

இரண்டாம் வருடம் புதுத்தளிர் வரும்போது பச்சைப் புழுக்கள் வந்து இலையைக் கடித்திருக்கும். மருந்து தெளிக்க ஓடாதீர்கள். எலுமிச்சை மஞ்சளும் வெண்மையுமாகப் பறக்கும் கட்டோப்சிலியா வண்ணத்துப்பூச்சிகளின் பிள்ளைகள் அவை. கொன்றை இனங்களின் தளிரைத் தேடி வந்துதான் தாய் முட்டையிடுகிறது. வேரில் சேமிப்பு உள்ள கன்று சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். வால்காக்கையும் குளவியும் புழுக்களில் பாதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கலாம். தோட்டத்தில் நித்தமும் நனையும் கொன்றை இலையை முழுதாக உதிர்க்காமல், பூவையும் சரியாகக் கொட்டாமல் நிற்பதைக் காணலாம். வறட்சிக்கும் பூவுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் கண்ணில் பட்டதுதான். சங்கப் பாடல்களில் கொன்றை முல்லை நிலத்துக் கார்காலப் பூ. குறுந்தொகையின் 66ஆம் பாட்டில், பருவமில்லாத மழையைக் காரென்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையைத் தோழி பேதை என்கிறாள். தலைவனைப் பிரிந்து வாடும் தலைவியைத் தேற்றச் சொன்ன வார்த்தை அது. கார்மழைக்குப் பின் சில மரங்கள் மறுபடியும் கொஞ்சம் பூப்பதை இன்றும் பார்க்கிறோம்.

முதல் பூ வரும் வருடம் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்துக் கேசரங்களும் ஒன்றுபோல் இல்லை. மூன்று நீண்டு வளைந்து இதழைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு குட்டையாக நடுவில் நிற்கும். மூன்று மகரந்தமே இல்லாமல் சிறுத்திருக்கும். இந்தப் பூவில் தேன் இல்லை. மகரந்தம்தான் வண்டுக்குக் கூலி. கறுத்துப் பெருத்த தச்சுத்தேனீ வந்து நடுவில் உள்ள குட்டைக் கேசரங்களைப் பற்றிக்கொண்டு சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். சிறு திறப்புகள் வழியே மகரந்தம் கொட்டும். அது உணவு எடுக்கும் அதே நேரத்தில் நீண்ட கேசரங்கள் அதன் முதுகுப் பக்கம் மகரந்தத்தைப் பூசிவிடும். அடுத்த பூவின் சூல்முடிக்குப் போவது இந்தப் பூச்சுதான். முழ நீளக் கறுப்புக் குழல்காய் தொங்குகிறதென்றால் தச்சுத்தேனீ வந்துபோயிருக்கிறது என்று அறியலாம்.

தச்சுத்தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலின் துளைக்குள்ளும் கூடு வைக்கிறது. நகரத்தில் பட்ட கொம்புகளை நாம் விட்டுவைப்பதில்லை என்பதால் அதற்கு இடம் கிடைப்பது அரிது. முட்டுக்கொடுத்த மூங்கிலை அவிழ்த்த பிறகு எறிந்துவிடாமல், கணுவை ஒட்டி முழ நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒரு முனை திறந்திருக்கும்படி கட்டி, மழை படாத இறவாணத்தில் கிடைமட்டமாகத் தொங்கவிடலாம்.